ஆளுக்கு எவ்வளவு? கூட்டு லாபம், கூட்டுச் செலவு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தொழில் செய்கிறோம். ஒருவர் இயந்திரம் வைத்திருக்கிறார், இன்னொருவர் வடிவமைப்பாளர், நான் விற்பனையைப் பார்க்கிறேன். லாபத்தைப் பிரிக்கும்போது ஒவ்வொரு முறையும் மனக்கசப்பு. சமமாகப் பிரிப்பதா, தனியாக இருந்தால் யார் எவ்வளவு சம்பாதிப்பாரோ அந்த விகிதத்தில் பிரிப்பதா? கணிதத்தில் இதற்கு முடிவான விடை உண்டா?

சமமா விகிதமா என்று தொடங்கினால் பேச்சு சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரும். முதலில் ஒரு தாளில் ஏழு எண்களை எழுதுங்கள். மூவரும் தனித்தனியே இருந்தால் எவ்வளவு, இரண்டிரண்டு பேராகச் சேர்ந்தால் எவ்வளவு, மூவரும் சேர்ந்தால் எவ்வளவு. ஜான் வான் நியூமனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் 1944-ல் கூட்டுறவு ஆட்டக் கோட்பாட்டுக்கு (சேர்ந்து செயல்படுவோரின் நிலைமையை ஓர் 'ஆட்டமாக' எடுத்து ஆராயும் கணிதம்) அடித்தளம் போட்டது இந்த அட்டவணையை வைத்துத்தான். இதை எழுதாமல் நியாயம் பேச முடியாது.

உங்கள் எண்கள் எங்களிடம் இல்லாததால் ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம்.

இயந்திரக்காரர் மட்டும்: 20
வடிவமைப்பாளர் மட்டும்: 10
விற்பனையாளர் மட்டும்: 0
இயந்திரமும் வடிவமைப்பும்: 48
இயந்திரமும் விற்பனையும்: 60
வடிவமைப்பும் விற்பனையும்: 36
மூவரும்: 120

தனி வருமான விகிதத்தில் பிரித்தால் 80, 40, 0. விற்பனையாளருக்கு ஒன்றுமே கிடைக்காது. விற்கப் பொருளில்லாமல் அவர் தனியாக எதையும் ஈட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் அவர் விலகினால் 120 என்பது 48 ஆகச் சுருங்கிவிடும். அந்த 72-ஐ விகிதக் கணக்கு கண்டுகொள்வதே இல்லை. சமப் பங்கு இன்னும் மோசம்: ஆளுக்கு 40 என்று தரும்போது அட்டவணையின் கடைசி வரியைத் தவிர மற்ற ஆறு எண்களும் வீணாகிவிடுகின்றன.

"நான் இல்லாவிட்டால் 72 போயிருக்கும், ஆகவே 72 எனக்கு" என்ற வாதமும் நிற்காது. இதே வாதத்தை இயந்திரக்காரர் வைத்தால் 84, வடிவமைப்பாளர் வைத்தால் 60. மூன்றையும் கூட்டினால் 216. கையில் இருப்பதோ 120.

இந்தச் சிக்கலுக்கு லாயிட் ஷாப்ளி 1953-ல் ஒரு வழி சொன்னார். மூவரும் ஒருவர் பின் ஒருவராக அறைக்குள் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் நுழையும் கணத்தில் மொத்தம் எவ்வளவு கூடுகிறதோ அது அவர் கணக்கில். முதலில் வருவதும் கடைசியில் வருவதும் தற்செயல் என்பதால், எல்லா வரிசைகளுக்கும் கணக்குப் போட்டுச் சராசரி எடுக்க வேண்டும். மூவருக்கு ஆறு வரிசைகள்.

இயந்திரம் 20, வடிவமைப்பு 28, விற்பனை 72
இயந்திரம் 20, விற்பனை 40, வடிவமைப்பு 60
வடிவமைப்பு 10, இயந்திரம் 38, விற்பனை 72
வடிவமைப்பு 10, விற்பனை 26, இயந்திரம் 84
விற்பனை 0, இயந்திரம் 60, வடிவமைப்பு 60
விற்பனை 0, வடிவமைப்பு 36, இயந்திரம் 84

ஒவ்வொரு வரியும் 120-க்குக் கூட வேண்டும். கூடாவிட்டால் எங்கோ கழித்தல் பிழை. இயந்திரக்காரரின் எண்களைக் கூட்டினால் 306, வடிவமைப்பாளருக்கு 204, விற்பனையாளருக்கு 210. ஆறால் வகுத்தால் 51, 34, 35.

தனியாக 10 ஈட்டக்கூடிய வடிவமைப்பாளரைவிட, தனியாகச் சுழியம் ஈட்டும் விற்பனையாளருக்கு ஒன்று கூடுதலாகக் கிடைக்கிறது. முதல் பார்வைக்கு உறுத்தும். இயந்திரத்தோடு சேரும்போது விற்பனை 40 கூட்டுகிறது, வடிவமைப்பு 28 மட்டுமே கூட்டுகிறது என்பதைப் பார்த்தால் உறுத்தல் போய்விடும். தனியே சம்பாதிக்கும் திறன் வேறு, சேர்ந்தால் கூட்டும் திறன் வேறு. பங்காளிகளுக்குள் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருபவை என்பது எங்கள் கருத்து.

கேள்வி: மூவர் சேர்ந்து நிஜமாகச் சம்பாதித்தது ஒரு எண்தான். மற்ற ஆறும் ஊகம். ஊகத்தின் மேல் கணக்குப் போட்டு நியாயம் என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

மிக நல்ல கேள்வி. இந்த முறை நடைமுறையில் கால் இடறும் இடம் இதுதான். சூத்திரத்தில் பிழை வருவது அரிது. அட்டவணையில்தான் பிழை வரும்.

கூட்டணியின் மதிப்பு என்பது, மற்றவர் உதவியே இல்லாமல் அவர்களால் உறுதியாக எட்ட முடிந்த தொகை. ஏழு எண்களுக்கும் ஒரே காலப்பகுதி, ஒரே விலை, ஒரே செலவுக் கணக்கு வேண்டும். உழைப்புக்கான கூலியைக் கழித்துவிட்டு எழுதுவதா, கழிக்காமலா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஒரு வரியில் கழித்து இன்னொரு வரியில் விட்டுவிட்டால் எல்லாமே கோணலாகும். அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு: விலகியவருக்கு மாற்று கிடைக்குமா என்பதை மறப்பது. இயந்திரத்தை வாடகைக்கு எடுக்க முடியும் என்றால், வடிவமைப்பும் விற்பனையும் சேர்ந்த மதிப்பு 36 அல்ல. வாடகை போக 60 நிற்கும் என்று வையுங்கள். பங்கு 43, 38, 39 ஆக மாறும். இயந்திரக்காரர் எட்டு இழக்கிறார், மற்ற இருவரும் நான்கு நான்கு பெறுகிறார்கள்.

இது எப்போதும் இப்படித்தான் நகரும். மூவர் ஆட்டத்தில் ஓர் இரட்டையின் (இருவர் குழுவின்) மதிப்பு ஒன்று கூடினால், வெளியே நிற்பவரின் பங்கு மூன்றில் ஒன்று குறையும், உள்ளே இருப்பவர் ஒவ்வொருவருக்கும் ஆறில் ஒன்று கூடும். ஒருவரின் தனி மதிப்பு ஒன்று கூடினால் அவருக்கு மூன்றில் ஒன்று கூடும், மற்ற இருவருக்கும் ஆறில் ஒன்று வீதம் குறையும். மொத்தம் ஒன்று கூடினால் மூவருக்கும் மூன்றில் ஒன்று வீதம் கூடும்.

ஆகவே எண்ணில் உடன்பாடு இல்லையென்றால், ஒவ்வொன்றுக்கும் குறைந்த மதிப்பு, கூடிய மதிப்பு என்று இரண்டு எழுதி, பங்கு எவ்வளவு அசைகிறது என்று பாருங்கள். ஓர் இரட்டையின் மதிப்பில் 6 வித்தியாசம் என்றால் வெளியே நிற்பவரின் பங்கில் 2 வித்தியாசம்தான். அதற்காக இரவெல்லாம் வாதிடத் தேவையில்லை. இன்னொன்று: அட்டவணையை லாபம் வருவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பணம் மேசைக்கு வந்த பிறகு ஒவ்வொருவரின் நினைவும் அவரவர் பக்கம் சாய்ந்துவிடும்.

மொத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். 120 என்று நினைத்தது 102 ஆனால், மற்ற எண்கள் மாறாத வரை, ஷாப்ளி கணக்கில் மூவருக்கும் ஆளுக்கு 6 குறையும்: 45, 28, 29. சிறிய பங்குக்காரருக்கு இது பெரிய அடி. அவர் ஒப்புக்கொள்ளவில்லையென்றால் குறைவை மட்டும் பங்கு விகிதத்தில் பிரிக்கலாம். எதுவானாலும் முன்கூட்டியே எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: ஷாப்ளி சொன்னபடி பிரித்துக் கொடுத்தால் எல்லோரும் கூட்டணியில் நிலைத்திருப்பார்கள் என்று உத்தரவாதம் உண்டா?

இல்லை. நியாயமும் நிலைத்தன்மையும் வேறு வேறு. நிலைத்தன்மைக்குத் தனிச் சோதனை இருக்கிறது: எந்தச் சிறு குழுவும் பிரிந்து போனால் இப்போது பெறுவதைவிட அதிகம் பெறக் கூடாது. இந்தச் சோதனையில் தேறும் பங்கீடுகள் அனைத்தையும் சேர்த்து 'கரு' என்பார்கள்.

முதல் கேள்வியின் 51, 34, 35 தேறுகிறது. இயந்திரமும் வடிவமைப்பும் சேர்ந்து 85 பெறுகிறார்கள், பிரிந்தால் 48. மற்ற இரட்டைகளுக்கு 86-க்கு எதிரே 60, 69-க்கு எதிரே 36. ஆனால் கவனியுங்கள், விற்பனையாளரை வெறுங்கையோடு அனுப்பும் 80, 40, 0 கூடத் தேறுகிறது! அவரோடு சேர்ந்து பிரிய மற்ற இருவருக்கும் ஆதாயமில்லை. வடிவமைப்பாளர் ஏற்கெனவே 40 பெறுகிறார், பிரிந்தால் இருவருக்கும் சேர்த்தே 36 தான். "யாரும் விலகவில்லை, ஆகவே எல்லோருக்கும் திருப்தி" என்று முடிவுகட்டும் நிர்வாகிகள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. ஒருவரிடம் வலது கையுறை, இருவரிடம் ஆளுக்கொரு இடது கையுறை. ஜோடி சேர்ந்தால் 60, சேராவிட்டால் ஒன்றுமில்லை. ஷாப்ளி கணக்கில் 40, 10, 10. இது கருவுக்குள் இல்லை. வலது கையுறைக்காரரும் ஓர் இடது கையுறைக்காரரும் சேர்ந்து 50 பெறுகிறார்கள், மூன்றாமவரைக் கழற்றிவிட்டால் 60 கிடைக்குமே. கருவுக்குள் இருப்பது ஒரே ஒரு பங்கீடு: 60, 0, 0. இடதுகாரர் ஒருவருக்கு 5 கொடுத்தாலும் மற்ற இருவரிடம் 55 தான் மிஞ்சும், அவர்கள் பிரிந்து போகலாம். ஆயிரம் வலது, ஆயிரத்தொரு இடது என்றாலும் கரு இதையே சொல்லும்: எல்லாம் வலதுகாரர்களுக்கு. ஒரே ஒரு கையுறை அதிகமானதற்காக ஆயிரத்தொரு பேருக்குச் சுழியம் என்பதை நியாயம் என்று எங்களால் சொல்ல முடியாது. அது போட்டியின் கொடுமையைத் துல்லியமாக அளக்கும் கருவி, அவ்வளவுதான்.

இடதுகாரர் இருவரும் முன்கூட்டியே பேசி ஓரணியாக வந்தால்? இப்போது இரண்டே கட்சிகள். ஒன்றில்லாமல் மற்றொன்றுக்கு ஒன்றுமில்லை. ஷாப்ளி கணக்கில் 30, 30. முன்பு 20 பெற்ற இருவரும் இப்போது 30 பெறுகிறார்கள், ஆளுக்கு 15. தொழிற்சங்கமும் உற்பத்தியாளர் சங்கமும் ஏன் உருவாகின்றன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எங்களுக்குத் தெரியாது. இப்படி முன்பே அமைந்த அணிகளோடு கணக்கிடும் முறையை கியர்மோ ஓவன் 1977-ல் வகுத்தார்.

சில ஆட்டங்களில் கருவே வெறுமையாக இருக்கும். மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் 120-ஐ முழுதாக எடுத்துக்கொள்ளலாம் என்று வையுங்கள். 60, 60, 0 என்று இருவர் பேசி முடித்தால், வெளியே நிற்பவர் முதலாமவரிடம் "உனக்கு 70, எனக்கு 50" என்பார். உடனே இரண்டாமவர் இன்னொரு பேரத்தோடு வருவார். முடிவே இராது. மூவர் ஆட்டத்தில் இதைக் கண்டறிவது சுலபம்: மூன்று இரட்டைகளின் மதிப்பைக் கூட்டிப் பாதியாக்குங்கள். அது மொத்தத்தைத் தாண்டினால் கரு வெறுமை. இங்கே 360-ல் பாதி 180, அது 120-ஐத் தாண்டுகிறது. முதல் கேள்வியில் 144-ல் பாதி 72, பிரச்சினையில்லை. எத்தனை பேருக்கும் பொருந்தும் பொது நிபந்தனையை ஓல்கா பொந்தாரேவா 1963-லும், ஷாப்ளி தனியாக 1967-லும் நிறுவினார்கள்.

வெறுமையான கருவுக்குப் பேச்சுவார்த்தை மருந்தாகாது. ஒப்பந்தம் வேண்டும். மேலே சொன்ன ஆட்டத்தில் சமப் பங்கு என்றால் எந்த இருவருக்கும் சேர்த்து 80. பிரிந்து போகும் இரட்டை 120-லிருந்து குறைந்தது 40 அபராதம் கட்ட வேண்டும் என்று விதி இருந்தால்தான் பிரிவதில் ஆதாயம் இராது. 30 என்று வைத்தால் போதாது.

உங்கள் ஆட்டம் எந்த வகை என்று எப்படி அறிவது? குழு பெரிதாகப் பெரிதாக ஒவ்வொருவரும் கூட்டும் தொகை குறையாமல் ஏறிக்கொண்டே போனால், ஷாப்ளி பங்கீடு கட்டாயம் கருவுக்குள் இருக்கும். இதை அவரே 1971-ல் நிறுவினார். முதல் கேள்வியின் அட்டவணை அப்படிப்பட்டது: இயந்திரக்காரர் தனியே 20, ஒருவரோடு 38 அல்லது 60, இருவரோடு 84.

கேள்வி: லாபம் சரி. செலவைப் பிரிப்பது எப்படி? ஒரு பொதுக் குழாய்ப் பாதை போடுகிறோம். அருகில் இருப்பவர் வரை 60 செலவு, நடுவில் இருப்பவர் வரை 90, கடைக்கோடி வரை 150. ஆளுக்கு 50 என்கிறார் கடைசியில் இருப்பவர்.

அருகில் இருப்பவரும் நடுவில் இருப்பவரும் ஒத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் இருவரும் மட்டும் போட்டால் 90 போதும், 100 ஏன் கொடுக்க வேண்டும்? வேறு விதமாகச் சொன்னால், கடைசிக்காரர் ஒருவருக்காக மட்டுமே ஆகும் கூடுதல் செலவு 60. அவர் 50 கொடுத்தால் மற்றவர்கள் அவருக்கு மானியம் தருகிறார்கள்.

பாதையைத் துண்டுகளாக்குங்கள். முதல் துண்டு 60, அதை மூவரும் பயன்படுத்துகிறார்கள்: ஆளுக்கு 20. அடுத்த துண்டு 30, இருவருக்கு: ஆளுக்கு 15. கடைசித் துண்டு 60, ஒருவருக்கே. ஆக 20, 35, 95. அந்தந்தத் துண்டுக்கு அதைப் பயன்படுத்துபவர் மட்டும் கொடுக்கிறார். ஆறு வரிசைகளையும் போட்டுச் சராசரி எடுத்தாலும் இதே எண்கள்தான் வரும். லிட்டில்சைல்டும் ஓவனும் 1973-ல் இதை விமான ஓடுபாதைக்குக் காட்டினார்கள்: சிறிய விமானத்துக்குக் குட்டை ஓடுபாதை போதும், பெரியதற்கு நீளமானது வேண்டும். பிறகு லிட்டில்சைல்டும் தாம்சனும் இங்கிலாந்தின் பர்மிங்காம் விமான நிலையத் தரையிறங்கு கட்டணத்தை ஆட்டக் கோட்பாட்டை வைத்து ஆராய்ந்தார்கள்.

அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், 'ஆட்டக்காரர்' யார் என்பது. விமான வகையா, ஒவ்வொரு தரையிறக்கமுமா? உங்கள் குழாயில் அருகில் 6 வீடு, நடுவில் 3, கடைசியில் 1 என்று வைத்து ஒவ்வொரு வீட்டையும் தனி ஆளாக எண்ணினால் முதல் துண்டு பத்துப் பேருக்கு ஆளுக்கு 6, அடுத்தது நால்வருக்கு 7.5, கடைசியது ஒருவருக்கு 60. அருகில் உள்ள வீட்டுக்கு 6, நடுவில் 13.5, கடைசிக்கு 73.5. கடைசி வீட்டின் சுமை 95-லிருந்து 73.5 ஆகக் குறைந்தது எதனால்? ஆட்களை எண்ணிய விதத்தால் மட்டுமே. இதைத் தீர்மானிக்காமல் சூத்திரத்துக்குள் போகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த எளிய முறை, செலவு நீளத்தைப் பொறுத்து மட்டும் ஏறும்போதுதான் சரி. ஆட்கள் கூடினால் குழாயின் விட்டமும் கூட வேண்டும் என்றால், பள்ளம் தோண்டும் செலவையும் குழாய் அளவால் வரும் கூடுதல் செலவையும் பிரியுங்கள். முதலாவதைத் தலைக்கு இவ்வளவு என்றும், இரண்டாவதை நீர்ப் பயன்பாட்டுக்கு ஏற்பவும் பங்கிடலாம். அமெரிக்காவில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1930-களில் அணைகளின் செலவை நீர்வழிப் போக்குவரத்து, வெள்ளத் தடுப்பு, மின்சாரம் என்ற மூன்று நோக்கங்களுக்கும் பிரிக்க முயன்றபோதே, தனியாகச் செய்தால் ஆகும் செலவைவிட எந்த நோக்கமும் அதிகம் தரக் கூடாது என்ற எண்ணம் பேசப்பட்டது. கோட்பாடு பின்னால்தான் வந்தது.

கேள்வி: நொடித்துப்போன ஒருவரிடம் மூன்று பேருக்கு வர வேண்டியது 100, 200, 300. மீதி இருக்கும் சொத்து 200 மட்டுமே. விகிதத்தில் பிரிப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

விகிதத்தில் என்றால் 33⅓, 66⅔, 100. உங்கள் எண்கள் ஒரு பழைய புதிரின் எண்களேதான். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான தால்முத்தில் 100, 200, 300 உரிமை கோரும் மூன்று விதவைகளின் வழக்கு வருகிறது. சொத்து 100 என்றால் ஆளுக்கு 33⅓. சொத்து 200 என்றால் 50, 75, 75. சொத்து 300 என்றால் 50, 100, 150. ஓரிடத்தில் சமம், ஓரிடத்தில் விகிதம், நடுவில் இரண்டுமில்லாத ஒன்று. இதில் என்ன விதி ஒளிந்திருக்கிறது என்பதை ராபர்ட் ஆமனும் மைக்கேல் மாஷ்லரும் 1985-ல் விடுவித்தார்கள்.

செய்முறை இது. எல்லோருடைய கோரிக்கையையும் பாதியாக்குங்கள்: 50, 100, 150. சொத்து இந்தப் பாதிகளின் கூட்டான 300-ஐத் தாண்டவில்லையென்றால் சமமாகப் பிரித்துக்கொண்டே போங்கள், ஆனால் யாரும் தம் பாதியைத் தொட்டதும் நிறுத்திக்கொள்வார். சொத்து 200-ல் முதலாமவர் 50-ல் நின்றுவிடுவார், மீதி 150 இருவருக்கும் 75 வீதம். சொத்து 300-ஐத் தாண்டினால் இழப்பை இதே விதியில் பிரியுங்கள். உதாரணமாகச் சொத்து 400 என்றால் இழப்பு 200. அது 50, 75, 75 ஆகப் பிரியும், கையில் கிடைப்பது 50, 125, 225.

ஏன் பாதி? இரண்டு பேர் மட்டும் எனில் தால்முத்தின் விதி, தகராறு உள்ள பகுதியை மட்டும் சமமாகப் பிரிப்பது. 50-ம் 75-ம் பெற்ற முதலாமவரையும் மூன்றாமவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து 125. முதலாமவர் 100-க்கு மேல் கேட்கவில்லை, ஆகவே 25-ஐ எதிர்ப்பில்லாமல் விட்டுக்கொடுக்கிறார். மீதி 100-க்குத்தான் தகராறு, ஆளுக்கு 50. ஆக 50, 75. எந்த இருவரை எடுத்தாலும் இப்படிப் பொருந்தும். மூவருக்கும் சேர்த்து இவ்வாறு பொருந்தும் பங்கீடு ஒன்றே ஒன்றுதான்.

டேவிட் ஷ்மைட்லர் 1969-ல் வரையறுத்த 'நியூக்ளியோலஸ்' என்ற தீர்வோடு இது அப்படியே ஒத்துப்போகிறது என்பது இன்னும் வியப்பு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மனக்குறை அளவு உண்டு: பிரிந்தால் கிடைப்பதற்கும் இப்போது பெறுவதற்கும் உள்ள வித்தியாசம். மிகப் பெரிய மனக்குறையை முதலில் குறை, பிறகு அடுத்ததை, பிறகு அதற்கடுத்ததை என்பதே அந்தத் தீர்வு. கரு வெறுமையாக இல்லாத வரை இது கட்டாயம் அதற்குள் இருக்கும். ஷாப்ளி பங்கீட்டுக்கு இந்த உறுதி இல்லை. பதிலுக்கு நியூக்ளியோலஸுக்கும் ஒரு குறை: மொத்த லாபம் கூடும்போது ஒருவரின் பங்கு குறையக்கூடும் என்று நிம்ரோத் மெகிடோ 1974-ல் காட்டினார். ஆண்டுதோறும் மொத்தம் மாறும் கூட்டுத் தொழிலுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஒரே முறை பிரித்து முடிக்கும் சொத்துக்குப் பொருந்தும்.

கேள்வி: வாக்கு எவ்வளவோ அதிகாரம் அவ்வளவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. 49, 49, 2 என்று பங்கு வைத்திருக்கும் மூவரில், பாதிக்கு மேல் வேண்டுமென்றால் எந்த இருவர் சேர்ந்தாலும் போதும். மூவருக்கும் அதிகாரம் மூன்றில் ஒன்று. 50, 49, 1 என்றானால் முதலாமவர் இல்லாமல் எதுவும் நடக்காது. அவருக்கு மூன்றில் இரண்டு, மற்ற இருவருக்கும் ஆறில் ஒன்று, அதாவது 49-க்கும் 1-க்கும் வித்தியாசமே இல்லை. ஷாப்ளியும் மார்ட்டின் ஷூபிக்கும் 1954-ல் தந்த அளவுகோல் இது: எல்லா வரிசைகளையும் எழுதி, எத்தனை பங்கு வரிசைகளில் ஒருவர் சேரும் கணத்தில் தேவையான வாக்கு நிறைகிறது என்று எண்ணுவது.

நிஜத்தில் நடந்தது: 1958-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் அமைச்சர்கள் மன்றத்தில் மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலிக்கு 4 வீதம், பெல்ஜியம், நெதர்லாந்துக்கு 2 வீதம், லக்சம்பர்குக்கு 1 வாக்கு. தேவை 12. லக்சம்பர்கின் வாக்கு முடிவை மாற்ற வேண்டுமானால் மற்றவர்கள் சரியாக 11 பெற வேண்டும். அவர்கள் வாக்குகள் எல்லாமே இரட்டைப்படை, 11 வரவே வராது. கையில் ஒரு வாக்கு, அதிகாரம் சுழியம். பதினைந்து உறுப்பினர், ஒன்பது வாக்கு, ஐவருக்குத் தடை அதிகாரம் என்ற அமைப்புள்ள ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில், நிரந்தர உறுப்பினருக்கு ஏறத்தாழ 0.196, மற்றவருக்கு 0.0019.

கேள்வி: எதையும் கூட்டாதவருக்குச் சுழியம் என்கிறது ஷாப்ளி முறை. உடல்நலமில்லாத கூட்டாளிக்கும் சுழியமா?

அந்த விதி, உழைப்பின் பலனை அளக்கும் விதி. அக்கறையை அளக்கும் விதி அல்ல. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் வெளிப்படையாகக் கலக்கலாம்: மொத்தத்தில் 30 சதவீதத்தைச் சமமாகவும், மீதியை ஷாப்ளி பங்கிலும் பிரிப்பது. முதல் கேள்வியின் எண்களுக்கு 47.7, 35.8, 36.5 வரும். ஒன்றும் கூட்டாத நிலையில் இருப்பவருக்கும் 12 கிடைத்துவிடும். அட்டவணையில் இல்லாத பங்களிப்பைப் பொய்யாக எழுதி அவருக்குப் பங்கு வரவழைக்காதீர்கள். நல்லெண்ணத்தில் செய்தாலும், அடுத்த ஆண்டு அந்த எண்ணை வைத்தே சண்டை வரும்.

கேள்வி: நாங்கள் இருபது பேர். ஆறு வரிசை எழுதியதுபோல் எழுத முடியுமா?

முடியாது. இருபது பேருக்குக் குழுக்கள் மட்டும் 10,48,576, வரிசைகளோ 24-க்குப் பின்னால் பதினேழு இலக்கங்கள் வரும் எண்ணிக்கை. முதலில் ஒரே மாதிரியானவர்களை ஒன்றாகத் தொகுங்கள். அட்டவணையில் ஒருவருக்குப் பதில் இன்னொருவரை வைத்தாலும் எண் மாறாதென்றால் இருவர் பங்கும் சமம். இருபது பேர் நான்கு வகையில் அடங்கி, வகைக்கு ஐவர் என்றால், எழுத வேண்டியது 6×6×6×6, அதாவது 1,296 எண்கள், அதிலும் ஒன்று வெற்றுக் குழு.

அதுவும் இயலாவிட்டால் கணினியில் வரிசைகளைக் குலுக்கிப் போட்டுச் சராசரி எடுங்கள். ஒருவர் கூட்டும் தொகை 0-க்கும் 72-க்கும் இடையில் இருக்குமானால், 10,000 வரிசைகளில் திட்டப் பிழை (கிடைக்கும் சராசரி உண்மை விடையிலிருந்து பொதுவாக விலகும் அளவு) 0.36-ஐத் தாண்டாது. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு வரிசைகள் வேண்டும். ஒவ்வொரு குலுக்கலிலும் முழு வரிசையையும் பயன்படுத்துங்கள், அப்போதுதான் பங்குகளின் கூட்டுத்தொகை மொத்தத்தோடு தானாகவே சரியாகும். ஆளாளுக்குத் தனிக் குலுக்கல் போட்டால் கடைசியில் கொஞ்சம் இடிக்கும், அதை யார் தலையில் கட்டுவது என்று புதிய பிரச்சினை.

இயந்திரக் கற்றலில் எந்த உள்ளீடு கணிப்பை எவ்வளவு நகர்த்தியது என்று சொல்ல, லண்ட்பெர்கும் லீயும் 2017-ல் முன்வைத்த 'ஷாப்' முறையும் இதே சராசரிதான். அங்கே கூட்டாளிகள் மனிதர்கள் அல்ல, உள்ளீடுகள். இழுபறியும் அதே இடத்தில்தான்: ஓர் உள்ளீடு 'இல்லை' என்றால் என்ன பொருள்? அதன் இடத்தில் சராசரியை வைப்பதா, மற்றவற்றோடு பொருந்தும் மதிப்பை வைப்பதா? ஒன்றையொன்று ஒட்டி நகரும் இரண்டு உள்ளீடுகள் பெருமையைப் பங்குபோட்டுக்கொண்டு இரண்டுமே சின்னதாகத் தெரியும். அதைப் பார்த்து இரண்டையும் நீக்கிவிட்டால் கணிப்பு கெட்டுப்போகும்.

குலுக்கலைத் தொடங்கக் கணினிக்குக் கொடுத்த தொடக்க எண்ணையும் வரிசைகளின் எண்ணிக்கையையும் ஒப்பந்தத் தாளிலேயே எழுதி வையுங்கள். இருபது பேரில் யார் சந்தேகப்பட்டாலும், அதே எண்ணைப் போட்டு அதே விடையை அவரே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.